ஒன்றேகாலும் ஐந்து காலும் – பின்னங்களின் கதை

முன்னுரை

காய்கறிக் கடையில் "ஒன்றேகால் கிலோ தக்காளி கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் உடனே நிறுத்துக் கொடுத்துவிடுவார். "ஐந்து கால் கிலோ கொடுங்க" என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார். ஆனால் இரண்டும் ஒரே அளவுதான். ஒரு கிலோவில் நான்கு கால் கிலோ இருக்கிறது. அதனுடன் இன்னொரு கால் கிலோ சேர்ந்தால் மொத்தம் ஐந்து கால். 1¼ என்று எழுதினாலும் 5/4 என்று எழுதினாலும் தராசு ஒரே இடத்தில்தான் நிற்கும்.

பள்ளிப் பாடத்தில் 1¼ என்பதற்குக் கலப்பு பின்னம் என்று பெயர். 5/4 என்பதற்குத் தகா பின்னம் என்று பெயர். ஒன்றை இன்னொன்றாக மாற்றும் விதியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முழு எண்ணைப் பகுதியால் பெருக்கி, தொகுதியைக் கூட்டினால் தகா பின்னம் கிடைக்கும். திரும்பிப் போக வேண்டுமானால் தொகுதியைப் பகுதியால் வகுக்க வேண்டும். ஈவு முழு எண்ணாகவும் மீதி தொகுதியாகவும் வரும். பகுதி மட்டும் மாறாது.

விதி சரி. ஆனால் ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு வடிவம்? ஒன்று போதாதா? பரீட்சையில் மதிப்பெண் குறைப்பதற்காக யாரோ கண்டுபிடித்ததா? இல்லை. இந்த இரண்டு வடிவங்களுக்கும் பின்னால் கோதுமையும் நெல்லும் நிலமும் நாணயமும் கலந்த ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

உடைந்த எண்கள்

பின்னம் என்ற சொல் 'பின்ன' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. உடைந்தது என்று பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'ஃபிராக்‌ஷன்' என்ற சொல்லும் உடைத்தல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்ததே. அரபு மொழியில் பின்னத்தைக் குறிக்கும் 'கஸ்ர்' என்ற சொல்லுக்கும் உடைதல் என்றுதான் பொருள். மூன்று மொழிகளிலும் ஒரே எண்ணம்! முழுசாக இருந்த ஒன்று உடைந்து போனால் அதை எப்படி எண்ணுவது என்பதுதான் எல்லோருக்கும் இருந்த சிக்கல்.

இந்தச் சிக்கலைப் பழைய எகிப்தியர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது ரைண்ட் பாப்பிரஸ் என்ற சுருளிலிருந்து தெரிகிறது. கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் அதற்கும் முந்தைய ஒரு சுவடியைப் பார்த்து எழுதிய பிரதி அது. 1858-ல் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்பவர் எகிப்தில் லக்ஸர் நகரில் அதை வாங்கினார். இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

எகிப்தியர்களிடம் 5/8 என்று எழுதும் வழக்கம் இல்லை. மூன்றில் இரண்டு போன்ற ஓரிரு விதிவிலக்குகள் தவிர, தொகுதி 1 ஆக உள்ள பின்னங்களை மட்டுமே பயன்படுத்தினார்கள். அதாவது அரை, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று என்று மட்டும். 5/8 வேண்டுமானால் ½ உடன் ⅛ சேர்த்து எழுத வேண்டும்.

அந்தச் சுருளின் 24-வது கணக்கு இது: ஒரு எண்ணுடன் அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 வருகிறது. அந்த எண் எது? ஆமெஸ் முதலில் விடை 7 என்று வைத்துக்கொள்கிறார். 7-உடன் அதன் ஏழில் ஒரு பங்கான 1-ஐச் சேர்த்தால் 8. ஆனால் தேவை 19. எனவே 19-ஐ 8-ஆல் வகுக்கிறார். 2-உம் ¼-உம் ⅛-உம் வருகிறது. அதை 7-ஆல் பெருக்கினால் 16-உம் ½-உம் ⅛-உம் விடை.

இந்த விடையைத் தமிழில் அப்படியே படிக்கலாம் என்பதுதான் வேடிக்கை. வகுத்து வந்தது 'இரண்டே காலே அரைக்கால்'. கடைசி விடை 'பதினாறே அரையே அரைக்கால்'. இன்றைய மாணவர் இதையே 133/8 என்று தகா பின்னமாக எழுதி, பிறகு 16 5/8 என்று கலப்பு பின்னமாக மாற்றுவார். எகிப்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் எந்தத் தொடர்பும் தேட வேண்டியதில்லை. பாதி, பாதியில் பாதி, அதில் பாதி என்று உடைத்துக்கொண்டே போவது மனிதக் கைக்கு எளிது. அதனால் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி பேச்சு பிறந்தது.

முழு எண் தலையில், பின்னம் காலடியில்

மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று பின்னத்தை எழுதும் பழக்கம் இந்தியாவில் வளர்ந்தது. 1881-ல் பெஷாவர் அருகே பக்‌ஷாலி என்ற ஊரில் பூர்ஜ மரப்பட்டைச் சுவடி ஒன்று மண்ணிலிருந்து கிடைத்தது. அதன் காலம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் சண்டை தீரவில்லை. அதில் தொகுதி மேலும் பகுதி கீழும் இருக்கிறது; நடுவில் கோடு இல்லை. கலப்பு பின்னம் என்றால் மூன்று அடுக்கு. முழு எண் எல்லாவற்றுக்கும் மேலே, அதன் கீழே தொகுதி, அதற்கும் கீழே பகுதி. 1⅓ என்பது 1, 1, 3 என்று ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும்.

கலப்பு பின்னத்தை மாற்றும் விதியை பிரம்மகுப்தர் கி.பி. 628-ல் எழுதிய பிராம்மஸ்புட சித்தாந்தத்தில் தெளிவாகச் சொல்கிறார். முழு எண்களைப் பகுதிகளால் பெருக்கித் தொகுதிகளைக் கூட்டிக்கொள். பிறகு தொகுதிகளின் பெருக்கத்தைப் பகுதிகளின் பெருக்கத்தால் வகு என்பதே அந்த விதியின் சாரம். இன்றைய வகுப்பறையில் கரும்பலகையில் எழுதப்படுவது இதே விதிதான். சுமார் 1,400 வருடங்கள் ஆகியும் ஒரு படி கூட மாறவில்லை.

பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய லீலாவதியில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. முழு எண்ணுடன் பின்னம் சேர்ந்தால் 'பாகானுபந்தம்'. முழு எண்ணிலிருந்து பின்னம் குறைந்தால் 'பாகாபவாகம்'. அதாவது இரண்டேகால் ஒரு வகை, 'மூன்றுக்குக் கால் குறைவு' இன்னொரு வகை. கடிகாரத்தில் நேரம் பார்க்கும்போது இந்த இரண்டாவது வகையும் இன்று வரை பேச்சில் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த நூல்கள் எதிலும் தகா பின்னம் 'தகாதது' அல்ல. கணக்கைத் தொடங்க வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் ஒரே வகைத் துண்டுகளாக மாற்று என்றுதான் சொல்கின்றன. தகா பின்னம் என்பது கணக்குக்குத் தயாராக இருக்கும் எண்.

தொகுதிக்கும் பகுதிக்கும் நடுவே கோடு போடும் வழக்கம் அரபு மொழியில் எழுதிய கணித அறிஞர்களிடமிருந்து வந்தது. 1202-ல் லிபர் அபாசி என்ற நூலை எழுதிய இத்தாலியர் ஃபிபோனாச்சி அதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றவர்களில் முக்கியமானவர். அவர் கலப்பு பின்னத்தை எழுதும்போது பின்னத்தை இடது பக்கமும் முழு எண்ணை வலது பக்கமும் வைத்தார். இன்று 2½ என்று எழுதுவதை அவர் ½2 என்று எழுதியிருப்பார். வலமிருந்து இடமாக எழுதும் அரபு வழக்கத்தின் தடயம் அது.

ஒரு ஏகாரத்தின் வேலை

தமிழில் கலப்பு பின்னத்துக்கும் தகா பின்னத்துக்கும் உள்ள வேறுபாடு பேச்சிலேயே இருக்கிறது. 'மூன்றேகால்' என்றால் 3¼. 'முக்கால்' என்றால் ¾. நடுவில் ஒரே ஒரு 'ஏ' போனதும் இரண்டரை குறைந்துவிட்டது!

'ஏ' வந்தால் கூட்டல். ஒன்றே கால் என்றால் 1 + ¼. காலே அரைக்கால் என்றால் ¼ + ⅛. 'ஏ' வராவிட்டால் பெரும்பாலும் பெருக்கல். முக்கால் என்றால் 3 × ¼. அரைக்கால் என்றால் ½ × ¼, அதாவது ⅛. ஏகாரத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் ஐந்து பொருள்களில் 'எண்' என்பதும் ஒன்று. பொருள்களை அடுக்கி எண்ணும்போது வரும் ஏகாரம் அது. ஒன்றேகாலில் அது கூட்டல் குறியாகவே நிற்கிறது. ஒன்றரை, இரண்டரை போன்ற சொற்களில் மட்டும் ஏகாரம் இல்லாமலே கூட்டல் நடக்கிறது.

பேச்சில் 'ஏ' இருந்தாலும் பழைய எழுத்தில் குறி எதுவும் கிடையாது. தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ', காலுக்கு 'வ'. எட்டேகால் என்று எழுத வேண்டுமானால் 'அவ' என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். ஔவையார் பெயரில் வழங்கும் ஒரு வசைப்பாடல் இதை வைத்துத்தான் விளையாடுகிறது. எட்டேகால் என்று எண்ணாகச் சொல்லி, கேட்பவரை 'அவ' என்று எழுத்தாகப் படிக்க வைக்கிறது.

முந்திரி என்ற பொது அளவு

இனி தமிழ்க் கணக்கின் இதயத்துக்கு வரலாம். பழைய தமிழ்ப் பின்னங்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு.

முதல் குடும்பம் பாதி பாதியாகப் போவது. அரை 1/2, கால் 1/4, அரைக்கால் 1/8, வீசம் 1/16.

இரண்டாவது குடும்பம் இருபதில் தொடங்குவது. மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320.

வீசத்துக்கு 'மாகாணி' என்று இன்னொரு பெயர் உண்டு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 4/80 + 1/80 = 5/80. அதாவது 1/16. மாவும் காணியும் சேர்ந்தால் வீசம். பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கு ஒளிந்திருக்கிறது.

16-க்கும் 20-க்கும் மீச்சிறு பொது மடங்கு 80. காணி என்பது அந்த 80-ல் ஒரு பங்கு. அதைவிட நுட்பமாகப் போக வேண்டுமானால் காணியில் கால் பங்கான முந்திரி. மேலே சொன்ன எல்லாப் பின்னங்களையும் முந்திரியால் மீதியில்லாமல் சொல்லிவிடலாம்.

காணி = 4 முந்திரி
மா = 16 முந்திரி
வீசம் = 20 முந்திரி
அரைக்கால் = 40 முந்திரி
கால் = 80 முந்திரி
அரை = 160 முந்திரி
முக்கால் = 240 முந்திரி
ஒன்று = 320 முந்திரி

இந்தப் பட்டியல் சொல்வது என்ன? ஒன்றேகால் என்பது 400 முந்திரி. அதாவது 400/320. அது ஒரு தகா பின்னம்! தகா பின்னம் என்ற பெயர் இல்லாமலே அந்த வேலையை முந்திரி செய்தது.

ஒரு நிலக்கணக்கைப் பார்க்கலாம். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி. ஒருவருக்கு ஒன்றேகால் வேலி நிலம். இன்னொருவருக்கு முக்காலே இரண்டு மா. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு? முதலாமவருக்கு 400 முந்திரி. இரண்டாமவருக்கு 240 + 32 = 272 முந்திரி. மொத்தம் 672. அதை 320-ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 32. மீதி 32 முந்திரி என்பது இரண்டு மா. விடை இரண்டு வேலி இரண்டு மா. கலப்பு பின்னத்தில் தொடங்கி, தகா பின்னத்தில் கூட்டி, மறுபடியும் கலப்பு பின்னத்தில் வந்து முடிகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தை இப்படித்தான் வேலி, மா, காணி, முந்திரி என்று சொல்கின்றன. ஊர் இருக்கை, குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்ச நிலத்துக்கு வரி கணக்கிட்டார்கள். முந்திரிக்கும் கீழே போக வேண்டி வந்தபோது 'கீழ்' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். ஒரு 'கீழ்' வந்தால் அதற்குப் பிறகு வரும் பின்னம் 320-ல் ஒரு பங்காகச் சுருங்கும். கீழ் முந்திரி என்றால் 1/320-ல் 1/320. அதாவது 1/1,02,400. புதிய பெயர்களைக் கண்டுபிடிக்காமல் பழைய பெயர்களையே மறுபடி பயன்படுத்தும் புத்திசாலித்தனம் இது.

அந்த அடையாளங்கள் இன்று கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டன. 2019-ல் வெளியான யூனிகோட் 12.0 பதிப்பில் முந்திரி முதல் முக்கால் வரையிலான குறிகளும் 'கீழ்' குறியும் சேர்க்கப்பட்டன.

கணக்குத் தெரிந்தவர், தெரியாதவர்

இவ்வளவையும் பிள்ளைகள் எப்படிக் கற்றார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அதற்கான பாடநூல் எண்சுவடி. முழு எண்களின் வாய்ப்பாடு மட்டுமல்லாமல் காலால், அரையால், வீசத்தால், காணியால் பெருக்கும் வாய்ப்பாடும் அதில் உண்டு. 'கால் கால் வீசம்' என்று மனதில் பதிந்துவிட்டால் ¼ × ¼ = 1/16 என்று தாளில் எழுத வேண்டியதே இல்லை.

இந்த முறை வேகமானது. ஆனால் ஒரு குறையும் உண்டு. பல வருடம் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவருக்குத்தான் அது கை வரும். திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் மிகவும் குறைவு. வயலில் அறுத்தவருக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. அளப்பவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர், வாங்கிக்கொள்பவர் ஒருவர். முந்திரியும் காணியும் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். கூலி வாங்குபவருக்குத் தெரியாது. கணக்கு சரியா தவறா என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை. நம்பித்தான் ஆக வேண்டும்.

பரம்பரைக் கணக்குப்பிள்ளை பதவி தமிழ்நாட்டில் 1980-ல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் கணக்கு ஒரு சிலர் கையில் இருந்த நிலை அதற்கு முன்பே பள்ளிக்கூடங்கள் வழியாக மெல்ல உடையத் தொடங்கியிருந்தது. "பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு" என்ற ஒற்றை வரி விதிக்குப் பல வருட மனப்பாடம் தேவையில்லை. எந்தப் பின்னத்துக்கும் அது பொருந்தும். ஏழில் மூன்று, பதினொன்றில் ஐந்து என்று முந்திரியால் சரியாகச் சொல்ல முடியாத பின்னங்களுக்கும் பொருந்தும். சலிப்பாகத் தோன்றும் அந்த விதி உண்மையில் ஒரு பெரிய கதவைத் திறந்தது.

ரூபாய் அணா பைசா

கலப்பு பின்னம் அன்றாட வாழ்க்கையில் மிக அதிகமாகப் புழங்கிய இடம் பணம். பழைய இந்திய நாணயத்தில் 1 ரூபாய் = 16 அணா. 1 அணா = 12 பை. ஆக ஒரு ரூபாய்க்கு 192 பை. ஒரு அணா என்பது ரூபாயில் சரியாக ஒரு வீசம். அதனால் பழைய வீசக் கணக்கு அணாவோடு ஒட்டிக்கொண்டது.

ஒரு பொருளின் விலை 2 ரூபாய் 5 அணா 4 பை. அதில் ஏழு வாங்கினால் எவ்வளவு? எல்லாவற்றையும் பையாக மாற்ற வேண்டும். 2 × 192 = 384. 5 × 12 = 60. அதனுடன் 4. மொத்தம் 448 பை. ஏழால் பெருக்கினால் 3,136. அதை 192-ஆல் வகுத்தால் ஈவு 16, மீதி 64. 64 பை என்பது 5 அணா 4 பை. விடை 16 ரூபாய் 5 அணா 4 பை.

உண்மையில் 5 அணா 4 பை என்பது ரூபாயில் மூன்றில் ஒன்று. எனவே கணக்கு 2⅓ × 7 மட்டுமே. 7/3 × 7 = 49/3 = 16⅓. இன்றைய மாணவர்கள் பலர் இந்த இடத்தில் 2-ஐ மட்டும் ஏழால் பெருக்கி 14⅓ என்று எழுதிவிடுகிறார்கள். பின்னத்தைப் பெருக்க மறந்துவிடுகிறார்கள். பரீட்சையில் அது ஒரு மதிப்பெண். அன்றைய கடையில் அது முழுசாக இரண்டு ரூபாய்.

இதைவிடப் பெரிய தவறு இரண்டு கலப்பு பின்னங்களைப் பெருக்கும்போது வரும். 2½ × 3½ எவ்வளவு என்றால், 2 × 3 = 6, ½ × ½ = ¼, எனவே 6¼ என்று பலர் சொல்வார்கள். இதை நிலமாக வரைந்து பார்த்தால் தவறு கண்ணில் படும். இரண்டரைக் கோல் அகலம், மூன்றரைக் கோல் நீளம் உள்ள ஒரு துண்டு நிலம். அதில் 2 × 3 = 6 சதுரக் கோல் ஒரு பகுதி. ஒரு ஓரத்தில் 2 × ½ = 1. இன்னொரு ஓரத்தில் ½ × 3 = 1½. மூலையில் ½ × ½ = ¼. மொத்தம் 8¾. தகா பின்னத்தில் ஒரே வரி: 5/2 × 7/2 = 35/4 = 8¾. 6¼ என்று சொன்னவர் இரண்டு ஓரங்களையும் பறிகொடுத்துவிட்டார். அதாவது இரண்டரைச் சதுரக் கோல் நிலம் போயே போய்விட்டது!

1957: ஆறேகால் பைசா

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம நாணயத்துக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு இனி 100 பைசா. பழைய பைசாவிலிருந்து பிரித்துக் காட்ட 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். 1964-ல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது.

இங்கேதான் கலப்பு பின்னம் பெரிய தலைவலி கொடுத்தது. 16 அணா = 100 நயா பைசா என்றால் ஒரு அணா எவ்வளவு? 100/16 = 25/4 = 6¼. ஆறேகால் பைசா! கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே அரைக்கு மேல் போனால் அடுத்த பைசா, அரையும் அதற்குக் குறைந்ததும் விட்டுவிடலாம் என்று விதி செய்தார்கள். அதன்படி ஒரு அணா 6 பைசா. இரண்டு அணா 12½, ஆகவே 12. மூன்று அணா 18¾, ஆகவே 19. நான்கு அணா சரியாக 25.

ஒரு அணா 6 பைசா என்றால் மூன்று அணா 18 தானே ஆக வேண்டும்? 19 எப்படி வந்தது? காரணம் எளிது. ஒவ்வொரு அணாவையும் தனித்தனியாக மாற்றினால் ஒவ்வொரு முறையும் கால் பைசா காணாமல் போகிறது. மூன்றையும் சேர்த்து மாற்றினால் முக்கால் பைசா சேர்ந்து இன்னொரு பைசாவாக வந்து நிற்கிறது. பதினாறு அணாவையும் ஒவ்வொன்றாக மாற்றியவருக்குக் கிடைப்பது 96 பைசா. மொத்தமாக மாற்றியவருக்கு ஒரு ரூபாய்.

கணக்கு வாத்தியார்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான். கணக்கு முடியும் வரை 25/4 என்று தகா பின்னமாகவே வைத்திரு. கடைசியில் மட்டும் மாற்று. நடுவில் மாற்றித் துண்டுகளை உதறினால் உதறியது யாரோ ஒருவருடைய பணம்.

இந்தத் தலைவலி இந்தியாவுக்கு மட்டும் வந்ததல்ல. நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு விலைகள் நீண்ட காலம் டாலரில் எட்டில் ஒரு பங்காகச் சொல்லப்பட்டன. 1997-ல் அதைப் பதினாறில் ஒன்றாகக் குறைத்தார்கள். பதினாறில் ஒரு டாலர் எவ்வளவு? அதே ஆறேகால். 6¼ சென்ட்! 2001-ல் அங்கேயும் பின்னத்தைக் கைவிட்டுத் தசமத்துக்கு மாறினார்கள்.

இன்னும் போகாத பின்னங்கள்

தசமம் வந்த பிறகு கலப்பு பின்னம் அழிந்துவிட்டதா? இல்லவே இல்லை. அணா போய் இத்தனை வருடங்கள் ஆகியும் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொன்னார்கள். 25 பைசா நாணயம் 2011-ல் செல்லாததாகும் வரை அந்தப் பெயர் கூடவே வந்தது. ஹார்டுவேர் கடையில் குழாய் இன்றும் முக்கால் இஞ்ச், ஒன்றேகால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்றுதான் விற்கிறது. சமையலில் ஒன்றரை டம்ளர் தண்ணீர். ஒரு வேலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றால் 'முக்காலே மூணு வீசம் முடிந்தது' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ¾ + 3/16 = 15/16. பதினாறில் ஒரு பங்குதான் பாக்கி. சொல்பவருக்கே அது ஒரு பின்னக் கூட்டல் என்று நினைவு இருக்காது.

மறுபக்கம், மேல் வகுப்புகளுக்குப் போகப் போகக் கலப்பு பின்னம் மறைந்துவிடுகிறது. இயற்கணிதத்தில் 2x என்றால் 2 பெருக்கல் x. அங்கே 2½ என்று எழுதினால் கூட்டலா பெருக்கலா என்ற குழப்பம் வரும். தமிழில் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு ஏகாரம் இருந்தது. எழுத்தில் அது இல்லை. அதனால் 5/2 என்று எழுதிவிடுகிறார்கள்.

முடிவுரை

ஒரே எண்ணுக்கு ஏன் இரண்டு வடிவம் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். கலப்பு பின்னம் அளவைக் காட்டுகிறது. 133/8 என்றால் எவ்வளவு என்று சட்டென்று புரியாது. பதினாறே அரையே அரைக்கால் என்றால் பதினாறரைக்குக் கொஞ்சம் மேல் என்று உடனே தெரியும். தகா பின்னம் கணக்கைச் செய்கிறது. பெருக்கவும் வகுக்கவும் அதில்தான் ஓரங்கள் தொலையாது. கடையில் கேட்கவும் விடையைச் சொல்லவும் முதலாவது. நடுவே கணக்குப் போட இரண்டாவது.

'தகா' என்ற பெயர் கொஞ்சம் அநியாயமானதுதான். தொகுதி பகுதியைவிடப் பெரிதாக இருப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆமெஸ் முதல் அணா பைசா வரை எல்லாக் கணக்கும் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது.

அறுத்த நெல்லுக்குக் கூலி வாங்கியவருக்கு அன்று இந்த மாற்றம் தெரிந்திருந்தால், கணக்குப்பிள்ளை சொன்ன ஒவ்வொரு வீசத்தையும் அவர் தானே சரிபார்த்திருப்பார். இன்று அந்த விதி தொடக்கப் பள்ளிப் புத்தகத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. பகுதியால் பெருக்கு, தொகுதியைக் கூட்டு. வீட்டுப்பாடத்தில் இருபது கணக்கு செய்யும்போது சலிப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஒரு காலத்தில் ஊருக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்த வித்தை அது.